ஏழாம் வாரம்

என்ன படிக்கிறாய் என்று கேட்டுவிட்டு
நான் சொல்லி முடிப்பதற்குள்
பர்கூர்ப் பெரியப்பா முடிவுக்கு வந்துவிட்டார்:
கண்டிஷனிங் என்றால் ஏ.சி. மெக்கானிக்.
பொண்ணுங்களுக்கும் கொடுக்கிறார்களா அந்த வேலை?
நானும் திருத்தவில்லை.
அவருடைய ஜவுளிக் கடையில் ஏ.சி. நின்றுபோகும் அன்று
பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் ஆண்டுச் செய்முறை:
ஒரு வீராங்கனை, பன்னிரண்டு வாரம், ஒரு திட்டம்.
எனக்கு மாதேஸ்வரி.
காவேரிப்பட்டணம். கபடி. வலது கார்னர்.
மே மாதத்து இரண்டாம் திங்கள்
சாக்பீஸ் தடவிய விரலோடு
நின்ற இடத்திலிருந்து எம்பி
ஜிம்மின் பின்சுவரைத் தொட்டாள்.
நாற்பத்தாறு சென்டிமீட்டர்.

ஜிம் என்றால் பழைய சைக்கிள் ஷெட்.
இரண்டு பார்பெல், ஒன்று லேசாகக் கோணல்.
தட்டுகள் போதாத நாளில்
கிரானைட் பட்டறை கழித்துப்போட்ட துண்டுகள்,
எடை போட்டு, பெயின்ட்டில் எண் எழுதி,
கோணிப்பையில்.

என் திட்டத்தை நானே புகழக் கூடாது,
ஆனால் அழகாக இருந்தது.
ஸ்குவாட் ஆறு ஆறாய் நான்கு செட்.
பின்தொடைக்குத் தனி நாள்.
வாரத்துக்கு ஐந்து சதவீதம் ஏற்றம்.
கட்டங்களுக்கு வண்ணம்கூட அடித்திருந்தேன்.

ஜூனில் சுவரில் கோடு இறங்கத் தொடங்கியது.
நாற்பத்தைந்து.
நாற்பத்து மூன்று.
முப்பத்தொன்பது.
முட்டை போதவில்லையா, மாதவிலக்கா, ஷூவா,
என் கணக்கா,
புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினேன்.
அவளைக் கேட்கத்தான் தோன்றவில்லை.

டெட்லிஃப்ட்டுக்குக் கை நீட்டினாள் ஒருநாள்.
முழங்கைக்குக் கீழே
மாம்பால் பட்டு வெந்த தழும்புகள்.
“பெங்களூரா சீசன்க்கா” என்றாள்,
மழை வருது என்பதுபோல.
மாங்கூழ் ஃபேக்டரி. நைட் ஷிஃப்ட்.
லாரியிலிருந்து தொட்டி வரைக்கும் கிரேட்.
“சொன்னா டீம்ல இருந்து எடுத்துடுவீங்கன்னு…”

கிரேட் ஒன்று இருபத்திரண்டு கிலோ.
ராத்திரிக்கு முந்நூற்று நாற்பது.
உள்ளங்கையிலேயே பெருக்கினேன்:
ஏழாயிரத்து நானூற்று எண்பது.
வாரம் முழுக்க நான் அவள்மேல் ஏற்றியது
ஆறு டன்கூட வராது.
இது ஒரே ராத்திரி, கூலிக்கு,
செட்டுகளுக்கு நடுவே ஓய்வில்லாமல்.
விடிந்ததும் அவள் என்னிடம் வந்து
இன்னும் ஐந்து சதவீதம் தூக்கியிருக்கிறாள்.

வேலையை விடு என்று சொல்ல நான் யார்?
தம்பியின் பாலிடெக்னிக் ஃபீஸ்
என் கட்டங்கள் எதிலும் இல்லை.
ஏழாம் வாரத்தை மொத்தமாக அழித்து எழுதினேன்:
திங்கள், தூங்கு.
புதன், ஷெட்டில் பாய் விரித்திருக்கும், தூங்கு.
வெள்ளி, இரண்டே இரண்டு தாவல். பிறகு தூங்கு.

மதிப்பீட்டுக்கு வந்தவர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
“பயிற்சி எங்கேம்மா?” என்றார்.
மாம்பழம் சார், என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
கிரேட் கணக்கைக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
இதற்கு மேற்கோள் நூல் எது என்று கேட்டார்.
அறுபத்தொரு மதிப்பெண்.

ஜூலைக் கடைசியில் லாரிகள் நின்றன.
நாலு நாள் கழித்து
முகம் தெளிந்து வந்தாள் மாதேஸ்வரி.
அதற்குள் ஏதோ ஆய்வுக் குழு வருகிறதென்று
பின்சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள்.
நாற்பத்தாறும் போச்சு, முப்பத்தொன்பதும் போச்சு.
வெள்ளைமேல் சாக்பீஸ் என்னத்துக்கு ஆகும்
என்று நான் புலம்பிக்கொண்டிருக்கும்போதே
களத்துச் செம்மண்ணை விரலில் தேய்த்துக்கொண்டு
எம்பிவிட்டாள்.

மூன்று விரல், சிவப்பாக, உயரத்தில்.
கீழே நின்று நானும் ஒருதரம் எம்பிப் பார்த்தேன்.
எட்டவில்லை.
டேப் ஆபீஸ் ரூமில்.
பிரின்சிபால் இந்தப் பக்கம் வருவதற்குள்
அளந்தாக வேண்டும்.
“அழிக்காதே, தொடாதே, அங்கேயே நில்லு” என்று
கத்திக்கொண்டே ஓடினேன்.